பாட்டவயல் செக்போஸ்ட்டில் வைரஸ் நிற்குமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கேரளாவில் நிபா என்று டிவியில் ஒரு வரி ஓடினால் போதும், கூடலூரிலிருந்து கோத்தகிரி வரைக்கும் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடுகிறது. அதனால் பச்சைத் தேயிலை விலை, யானை வழித்தடம், பட்டா பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு வைரஸ் பற்றி வந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இருபத்தெட்டு வருடம் இந்த மலையில் ஆஸ்பத்திரி லேபில் ரத்தமும் சளியும் பரிசோதித்தவன். எழுதுவதெல்லாம் அங்கே பார்த்ததும் அதற்காகப் படித்ததும்தான்.

பந்தலூர் வாசகர்: நிபா வந்தால் பாட்டவயல், நாடுகாணி, தாளூர், சோலாடி என்று கேரள எல்லையில் இருக்கும் எல்லா செக்போஸ்ட்டிலும் வண்டியை நிறுத்தி நெற்றியில் கருவியைக் காட்டிக் காய்ச்சல் பார்க்கிறார்கள். இதில் நிஜமாகவே வைரஸ் நிற்குமா, இல்லை வெறும் கண்துடைப்பா?

கண்துடைப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கருவியை நம்பி நிம்மதியாகத் தூங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். நிபா உடம்புக்குள் போய்க் காய்ச்சலாக வெளியே தெரிவதற்குப் பெரும்பாலும் நாலு நாளிலிருந்து பதினாலு நாள் ஆகிறது. அந்த இடைவெளியில் ஒருவர் கேரளத்துப் பத்தேரியில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, செக்போஸ்ட்டில் நெற்றியைக் காட்டிவிட்டு ஒரு தடையும் இல்லாமல் பந்தலூர் வந்து இறங்கிவிடலாம். காய்ச்சல் வந்தவரே ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் சூடு தணிந்துவிடும், கருவிக்கு எதுவும் தெரியாது.

இதில் நமக்கு நல்லது ஒன்று இருக்கிறது. அப்படி அறிகுறியே இல்லாமல் வருகிறவர் பக்கத்து சீட்டுக்காரருக்கு நிபாவைக் கொடுப்பது மிக அரிது. கொரோனா மாதிரி இல்லை இது. நிபா ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒரு முழு ஆளுக்குக்கூடப் பரவுவதில்லை, பெரும்பாலான நோயாளிகள் யாருக்குமே கொடுப்பதில்லை. கொடுப்பவர்கள் நோய் முற்றி, இருமி, மூச்சுத் திணறிக் கிடக்கும் சிலர். அவர்கள் எச்சிலும் சளியும் படும் தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. அதாவது அம்மா, மனைவி, அண்ணன், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர்.

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிராவில் நடந்ததைப் பாருங்கள். முதல் நோயாளி இறந்தபோது அது நிபா என்று யாருக்கும் தெரியாது. அவரைக் கவனித்துக்கொண்ட தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி மே 21 அன்று இறந்துபோனார். ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த வராந்தாவில் தற்செயலாகப் பக்கத்தில் நின்ற வேறு நோயாளிகளுக்கும், அவர்களுக்குத் துணையாக வந்தவர்களுக்கும்கூடத் தொற்றியது. பரிசோதனையில் உறுதியான 18 பேரில் பிழைத்தது இரண்டே பேர். அவ்வளவு கொடிய வைரஸ், ஆனாலும் ஜூன் மாதத்திலேயே அடங்கிவிட்டது. எப்படி? நோயாளிகளோடு பழகிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயரை எழுதினார்கள், அவர்களைத் தினமும் விசாரித்தார்கள், காய்ச்சல் வந்தவரை உடனே தனியாக வைத்தார்கள், இறந்தவர்களின் உடலைப் பாதுகாப்போடு அடக்கம் செய்தார்கள். எல்லாம் கட்டில் பக்கத்தில் நடந்த வேலை. செக்போஸ்ட்டில் நடந்தது இல்லை.

நம் பக்கத்துக்கு இதை வைத்து யோசியுங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோழிக்கோடு, பெரிந்தல்மண்ணா, பத்தேரி என்றுதான் இறங்குகிறோம், ஊட்டி ஏறுவதைவிட அது நமக்குச் சுலபம். அப்படியென்றால் நிபா நம் ஊருக்கு வர வாய்ப்புள்ள வழி, அங்கே ஒரு வார்டில் படுத்திருந்த சொந்தக்காரருக்குத் துணையாக மூன்று ராத்திரி உட்கார்ந்துவிட்டு வரும் நம் வீட்டு ஆள்தான். செக்போஸ்ட்டில் காய்ச்சல் பார்ப்பதைவிட, பெயர், போன் நம்பர், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்களே, அந்த நோட்டுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதில் தயவுசெய்து உண்மையான நம்பரைக் கொடுங்கள். பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வந்து பேச்சு தடுமாறினால், டாக்டரிடம் முதல் வாக்கியமாக "நான் இன்ன தேதியில் இன்ன ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எதிரில் நிற்கும் நர்ஸ் மாஸ்க்கையும் கையுறையையும் எடுத்து மாட்டிக்கொள்வார்.

அய்யன்கொல்லி வாசகி: எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் ராத்திரியானால் வௌவால் அடைகிறது. மரத்தை வெட்டிவிடலாமா?

வேண்டாம்மா. நிபா வௌவாலிடமிருந்து மனிதனுக்கு வருவதுதான். ஆனால் பேராம்பிராவில் முதலில் கிணற்றுக்குள் இருந்த சின்ன வௌவால்களைப் பிடித்துப் பார்த்தபோது அவற்றில் நிபா இல்லை. பிறகுதான் பெரிய பழந்தின்னி வௌவால்களில் கண்டார்கள். அவற்றுக்கும் எப்போதும் வைரஸ் வெளிவந்துகொண்டிருப்பதில்லை. மரத்தை வெட்டினாலோ, வெடி போட்டுக் கலைத்தாலோ அவை பசியோடும் பயத்தோடும் நாலு பக்கம் சிதறும், அது நமக்கு நல்லதில்லை. கடித்த பழம், கீழே விழுந்து கிடக்கும் பழம் இரண்டையும் எடுக்காதீர்கள், குழந்தைகளை எடுக்க விடாதீர்கள். மரத்தில் நல்லதாக இருப்பதைப் பறித்துக் கழுவி, தோலைச் சீவிச் சாப்பிடலாம். பாக்கு பொறுக்குகிறவர்கள் கை கழுவாமல் வாயில் போடாதீர்கள்.

கோத்தகிரி, பிளஸ் டூ மாணவி: வைரஸ் உருமாறுகிறது என்கிறார்கள். அது வேண்டுமென்றே மாறுகிறதா? ஃப்ளூவுக்கு வருடா வருடம் ஊசி, தட்டம்மைக்குச் சின்ன வயதில் போட்டதே போதும் என்கிறார்களே, ஏன்?

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு சரியான கேள்வி. வைரஸுக்கு விருப்பமும் கிடையாது, திட்டமும் கிடையாது. அது ஒரு செய்முறைச் சீட்டு, அதைச் சுற்றிப் புரதத்தால் ஓர் உறை, அவ்வளவுதான். நம் செல்லுக்குள் போனதும் அந்தச் சீட்டைப் பிரதி எடுக்கும் வேலை நடக்கிறது. பிரதி எடுக்கும்போது தப்பு வருகிறது. அந்தத் தப்புக்குத்தான் உருமாற்றம் என்று பெயர்.

உங்கள் ஊரில் பச்சிலை எடை போடும் இடத்தைப் பார்த்திருப்பாய். சாயங்காலம் கொட்டகையில், மங்கலான பல்ப் வெளிச்சத்தில், யார் யாருக்கு எத்தனை கிலோ என்று ஒருவர் சிட்டையைப் பார்த்து வேறு நோட்டில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள். அந்த நோட்டைப் பார்த்து இன்னொருவர், அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுகிறார்கள். 17 என்பது 11 ஆகும், ஒரு பெயர் விட்டுப்போகும். பெரும்பாலான தப்புகளால் அந்தப் பக்கம் கணக்குக்கே உதவாமல் போகும், அதை யாரும் மறுபடி பிரதி எடுக்க மாட்டார்கள். சில தப்புகள் யாருக்கும் தெரியாது. ஆயிரத்தில் ஒன்று மட்டும் யாருக்கோ சாதகமாக அமைந்துவிடும். வைரஸிலும் இதேதான். ஃப்ளூ வைரஸின் செய்முறை சுமார் 13,500 எழுத்து. அதைப் பிரதி எடுக்கும் நொதிக்குத் திருப்பிப் படித்துத் திருத்தும் பழக்கமே கிடையாது, அதனால் புதிதாக வரும் ஒவ்வொரு வைரஸிலும் ஏறக்குறைய ஒரு தப்பு இருக்கும் என்று கணக்குப் போடலாம். கொரோனாவின் செய்முறை 30,000 எழுத்து நீளம், ஆனால் அதனிடம் பிழை திருத்தும் நொதி ஒன்று உண்டு. அதனால் அதற்குத் தப்பு குறைவு. அப்படியும் அத்தனை கோடிப் பேர் உடம்பில் பிரதியானதால் டெல்டா, ஒமைக்ரான் என்று வந்துகொண்டே இருந்தது.

தட்டம்மையும் இப்படித் தப்புத்தப்பாகப் பிரதி எடுக்கும் வகைதான். ஆனால் நம் உடம்பின் எதிர்ப்பொருள் அதை எந்த இடத்தில் பிடிக்கிறதோ, அந்த இடத்தை மாற்றினால் அதனால் செல்லுக்குள் நுழையவே முடியாது. பிடிபடாமல் இருக்க மாறினால் கதவு திறக்காது, கதவு திறக்க மாறாமல் இருந்தால் பிடிபடும். 1954இல் அமெரிக்காவில் ஒரு பள்ளிச் சிறுவனிடமிருந்து எடுத்த தட்டம்மை வைரஸின் வழிவந்த தடுப்பூசி இன்றைக்கும் வேலை செய்வது அதனால்தான். ஃப்ளூ அப்படி இல்லை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தைத் தாராளமாக மாற்றிக்கொண்டும் செல்லுக்குள் நுழையும். போன வருடத்து எதிர்ப்பொருளுக்கு இந்த வருடத்து ஃப்ளூ பாதி அந்நியம்.

ஃப்ளூவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, பெரிய பயம் அதில்தான். அதன் செய்முறை ஒரே சீட்டாக இல்லை, எட்டுத் துண்டு. ஒரே செல்லுக்குள் மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே நேரத்தில் புகுந்துவிட்டால் இரண்டு சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி துண்டுகள் கலந்துவிடும். 1957இல் உலகம் முழுக்கப் பரவிய ஆசிய ஃப்ளூ அப்படிப் பிறந்ததுதான், ஐந்து துண்டு பழைய மனித ஃப்ளூ, மூன்று துண்டு பறவையுடையது. யாருடைய உடம்பும் அதுவரை பார்த்திராத வைரஸ். அந்த வைரஸுக்கும் நம் மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு, கீழே குன்னூர்க் கேள்வியில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளம்மா, பரீட்சைக்கும் உதவும். பிரதி எடுத்தால்தான் தப்பு வரும், பிரதி எடுப்பது தொற்றிய உடம்புக்குள்தான். காற்றில் மிதக்கும்போதோ கதவுப் பிடியில் ஒட்டியிருக்கும்போதோ வைரஸ் மாறுவதில்லை. பத்துப் பேருக்குத் தொற்றினால் பத்து உடம்பில் வாய்ப்பு, பத்து லட்சம் பேருக்கென்றால் பத்து லட்சம் உடம்பில்.

மஞ்சூர் வாசகர்: எந்த வைரஸும் நாளாக நாளாக வீரியம் குறைந்துவிடும், ஆளைக் கொன்றால் அதற்கே நஷ்டம் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். உண்மையா?

பாதி உண்மை, அந்தப் பாதியை நம்பி ஏமாறக் கூடாது. 1950இல் ஆஸ்திரேலியாவில் முயல் தொல்லை தாங்காமல் முயலைக் கொல்லும் மிக்ஸோமா என்ற வைரஸை வேண்டுமென்றே பரப்பினார்கள். ஆரம்பத்தில் தொற்றிய நூறு முயலில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் செத்தது. சில வருடங்களில் கொஞ்சம் வீரியம் குறைந்த வகைகள் மேலே வந்தன, ஏனென்றால் முயல் சட்டென்று செத்துவிட்டால் அதைக் கடித்து வைரஸை எடுத்துப்போகக் கொசுவுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் நாள் போதாது. வாட்ஸ்அப்பில் வருவது இதுவரைதான். குறைந்தது எவ்வளவு தெரியுமா? பரவலாக நின்ற வகைகளே நூற்றுக்கு எழுபது, தொண்ணூறு என்று முயலைக் கொன்றுகொண்டிருந்தன. பிறகு முயல்களுக்கு எதிர்ப்பு கூடியதும் வைரஸும் மறுபடி வீரியம் ஏற்றிக்கொண்டது.

வைரஸ் அடுத்த உடம்புக்குப் போய்ச் சேர்ந்தபிறகு பழைய உடம்பு பிழைத்ததா செத்ததா என்பது அதன் கணக்கில் வராது. வெறிநோய் மனிதனுக்குத் தெரிந்து நாலாயிரம் வருடம் ஆகப்போகிறது, இன்றைக்கும் அறிகுறி வந்தபின் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரியம்மையின் கொடிய வகை கடைசி வரைக்கும் பத்துக்கு மூன்று பேரைக் கொன்றது. கொரோனா இப்போது சாதாரணமாகத் தெரிவதற்கு வைரஸ் நல்லபிள்ளையானது முக்கியக் காரணம் இல்லை, ஊசியாலும் தொற்றாலும் நம் உடம்பு அதைப் பழகிக்கொண்டதுதான்.

ஊட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: 2003இல் சார்ஸ் என்ற மூச்சுநோய் வந்து போனது, நிறுத்திவிட்டார்கள். அதன் தம்பியான கொரோனாவை ஏன் நிறுத்த முடியவில்லை? எந்த வைரஸை நிறுத்த முடியும், எதை முடியாது?

ஐயா, கொல்லும் சக்தியை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஒருவர் எப்போது பரப்ப ஆரம்பிக்கிறார், தனக்கு நோய் என்று தெரிவதற்கு முன்பா பின்பா என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. சார்ஸ் நோயாளி அதிகம் பரப்பியது படுக்கையில் விழுந்து ஒரு வாரம் ஆனபிறகு. அதற்குள் அவரைக் கண்டுபிடித்துத் தனியாக வைத்துவிடலாம். 8,098 பேருக்கு வந்தது, 774 பேர் இறந்தார்கள், அதோடு சில மாதத்தில் சங்கிலி அறுந்தது, தடுப்பூசியே இல்லாமல். கொரோனா தொண்டை கரகரப்பதற்கு இரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குப் போய்விடுகிறது. கல்யாண வீட்டில் சிரித்துப் பேசிப் பந்தி பரிமாறியவருக்குத் தனக்கு வந்திருப்பதே தெரியாது. அங்கே நோயாளியை மட்டும் தனிமைப்படுத்திப் பிரயோஜனம் இல்லை.

பெரியம்மையை ஒழித்தது உங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், தோளில் தழும்பும் இருக்கும். அந்த வைரஸுக்கு விலங்குகளில் ஒளிந்துகொள்ள இடமில்லை, வந்தவர் முகத்திலேயே கொப்புளம் தெரியும், ஊசியும் நெடுநாள் தாங்கும். ஆனாலும் நாட்டில் எல்லோருக்கும் ஊசி போட்டு அதை முடிக்கவில்லை. ஒரு வீட்டில் அம்மை என்று தகவல் வந்தால் அந்த வீட்டுக்கும் சுற்றியிருந்த வீடுகளுக்கும் ஊசி போட்டு வளையம் கட்டினார்கள். தகவல் வர வேண்டுமே, அதற்காக அம்மை கண்ட வீட்டைச் சொன்னவருக்குப் பரிசு அறிவித்தார்கள், கடைசிக் கட்டத்தில் அது 1,000 ரூபாய். எழுபதுகளில் ஆயிரம் ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்குத் தெரியும். 1975இல் இந்தியாவின் கடைசி நோயாளி, 1980இல் உலகத்திலிருந்தே போய்விட்டது என்ற அறிவிப்பு. கொரோனாவின்போது நாம் இதற்கு நேர்மாறாகச் செய்தோம் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தோம், எஸ்டேட் லைன் வீடுகளில் அந்தக் குடும்பத்தோடு பேசாமல் இருந்தோம், சில இடங்களில் குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூட விடவில்லை. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தனக்குக் காய்ச்சல் என்று எப்படிச் சொல்வார்? கஷாயம் குடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

குன்னூர் வாசகர்: எங்கள் ஊர் பாஸ்டர் ஆய்வகத்தில் கொடிய வைரஸ்களை வைத்திருக்கிறார்களாமே, வெளியே வந்தால் ஊரே போய்விடும் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

சிம்ஸ் பார்க் போகும்போதெல்லாம் கண்ணில் படும் அந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் பயப்படுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1902இல் தென்னிந்தியாவில் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது வைத்தியம் வேண்டுமென்றால் இமயமலைப் பக்கம் கசௌலிக்குப் போக வேண்டும், அவ்வளவு தூரம் போவதற்குள் வெறி ஏறிவிடும். அந்த மரணத்துக்குப் பிறகு ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையில் 1907இல் இங்கே தொடங்கியதுதான் தென்னிந்திய பாஸ்டர் இன்ஸ்டிடியூட். நாய் கடித்தவர்கள் ரயிலேறி இந்த மலைக்கு வந்து ஊசி போட்டுக்கொண்ட காலம் உண்டு.

அங்கே பயன்பட்டது தெருநாயிடம் இருக்கும் வைரஸ் இல்லை. லூயி பாஸ்டர் வெறிநோய் வைரஸை முயலிலிருந்து முயலுக்கு, அங்கிருந்து அடுத்த முயலுக்கு என்று திரும்பத் திரும்ப மாற்றிப் பழக்கினார். பழகிப் பழகி அது முயலின் மூளைக்கே பொருத்தமானதாக, ஏழு நாளில் தவறாமல் நோய் காட்டும் நிலையான வகையாக ஆகிவிட்டது. மேலே மாணவிக்குச் சொன்னேனே, பிரதித் தப்பு, அதையே மனிதன் தன் பக்கம் திருப்பிக்கொண்ட முதல் காரியங்களில் இது ஒன்று. அந்த வழியில் வந்த ஊசிதான் தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று நம் தாத்தாக்கள் பயந்த பதினாலு ஊசி. ஆட்டு மூளையில் செய்தது, சிலருக்கு நரம்பில் பக்கவிளைவு வரும். இப்போது அது இல்லை, செல் வளர்ப்பில் செய்த சுத்தமான ஊசி தோளில் போடுகிறார்கள்.

1957க்கு வருகிறேன். மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு ஆசிய ஃப்ளூ மெட்ராஸில் இறங்கியது. அந்த வைரஸைப் பிரித்தெடுத்து இதுதான் என்று அடையாளம் காட்டிய இடம் குன்னூர், ஃப்ளூவைக் கண்காணிக்கும் மையம் அன்றைக்கு இங்கேதான் இருந்தது. அடுத்த ஃபிப்ரவரிக்குள் நாட்டில் பதிவானது மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். எங்கோ ஒரு பறவையிடம் இருந்த மூன்று துண்டு, கப்பலேறி மெட்ராஸ் வந்து, நம் மலையில் ஒரு மேஜை மேல் அடையாளம் காணப்பட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் மரியாதை கூடுகிறது.

லேபிலிருந்து வைரஸ் தப்பியதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1978இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் ஓர் ஆய்வகத்திலிருந்து பெரியம்மை வந்து ஒரு பெண் இறந்தார், அது நடந்த உண்மை. அதனால்தான் மிகக் கொடிய வைரஸ்களுக்கு நாலாம் நிலைப் பாதுகாப்புள்ள, காற்று உள்ளே போகுமே தவிர வடிகட்டாமல் வெளியே வராத கூடங்கள் தனியாக இருக்கின்றன, புனேயில் அப்படி ஒன்று இருக்கிறது. குன்னூர் தடுப்பூசி செய்கிற இடம். பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் அந்த கேட்டைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மசினகுடி வாசகர்: காட்டோரம் குரங்கு செத்துக் கிடந்தால் தகவல் சொல்லச் சொல்கிறார்கள். எதற்கு?

குரங்குக் காய்ச்சலுக்காக. அதே 1957இல்தான் கர்நாடகாவின் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். உண்ணி கடித்துப் பரவுவது. பல வருடம் அந்தப் பக்கத்திலேயே இருந்தது, 2012-13இல் பந்திப்பூரில் தெரிந்தது, நீலகிரியில் செத்த குரங்குகளிலும் கண்டார்கள், பிறகு வயநாட்டில் நிறையப் பேருக்கு வந்தது. குரங்கு செத்ததும் அதன் மேலிருந்த உண்ணியெல்லாம் இறங்கி அந்த இடத்துப் புல்லிலும் சருகிலும் காத்திருக்கும். அங்கே மாடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிறவர், தேனெடுக்கப் போகிறவர் காலில் ஏறிக்கொள்ளும். மழை விட்டதிலிருந்து கோடை முடிகிற வரைக்கும்தான் ஆபத்தான பருவம். திடீரென்று கடும் காய்ச்சல், நெற்றிப்பொட்டைப் பிளக்கும் தலைவலி, உடம்புவலி வந்தால் டாக்டரிடம் "காட்டுக்குப் போனேன், உண்ணி கடித்தது" என்று சொல்லுங்கள். ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாது, அதனால் வீட்டில் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. செத்த குரங்கைத் தொடாதீர்கள், நாமம் போட்டுப் புதைக்கிறேன் என்று புண்ணியத்துக்காகவும் தூக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அருவங்காடு பக்கம் எஸ்டேட் லைனிலிருந்து ஒரு தாய்: என் ஆறு வயதுப் பெண்ணைத் தெருநாய்க்குட்டி கடித்துவிட்டது. பல் லேசாகத்தான் பட்டது, ஒரு சொட்டு ரத்தம். மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார். குட்டிக்கு வெறி இருக்காது என்கிறார்கள். ஊசி போட வேண்டுமா?

இந்தக் கடிதத்தை இதழ் வெளிவரும் வரை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் போன் நம்பர் இருந்தது. அன்றைக்கே கூப்பிட்டேன்.

ஏன் அவசரப்பட்டேன் என்று மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நான் லேபில் சேர்ந்த புதிதில் ஒரு பையனை அவன் அப்பா தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்பது பத்து வயது இருக்கும். மூன்று வாரம் முன்னால் கையில் நாய் கீறியிருக்கிறது. அன்றைக்கே ஊசிக்குப் போயிருக்கிறார்கள், அந்த இடத்தில் மருந்து தீர்ந்துவிட்டது, இன்னோர் ஊருக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும், அன்றைய கூலி போகும், கீறல்தானே என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். தாகத்தோடு கையை நீட்டினான், டம்ளர் உதட்டுக்கு வருவதற்குள் கழுத்து நரம்பெல்லாம் இழுத்துக்கொண்டு துடித்தான். மறுபடி நீட்டினான், மறுபடி துடித்தான். அந்த அப்பா "குடிடா கண்ணு, குடிடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்கு மேல் செய்ய எங்கள் யாரிடமும் எதுவும் இல்லை.

வெறிநோய் வைரஸ் ரத்தத்தில் ஓடாது. கடித்த இடத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மூளைக்கு ஏறும். காலில் கடித்தால் பயணம் நீளம், முகத்திலும் கையிலும் கடித்தால் குறைவு. அது ஏறுவதற்குள் ஊசி உடம்பைத் தயார் செய்துவிட வேண்டும். வேறு எந்தக் கொடிய வைரஸும் நமக்கு இவ்வளவு அவகாசம் கொடுப்பதில்லை. அதனால் முதல் காரியம் குழாயடிக்கு ஓடுவது. ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டுத் தேய்த்து, கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம். மார்கழிக் குளிரில் குன்னூர்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் என்றால் குழந்தை அழும், விரல் நீலமாகும், ஆனாலும் விடாதீர்கள், சோப்பு அந்த வைரஸின் மேலுறையைக் கரைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். குட்டி நாய்க்கும் வெறி வரும். ரத்தம் வந்திருந்தால் ஒரு சொட்டானாலும் ஊசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டுப் போடலாம் என்று காத்திருக்காதீர்கள், ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைப் பாருங்கள். ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று அவர்களையே போன் போட்டுக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அதற்குமுன் அங்கிருந்து நகராதீர்கள்.

போனில் அந்தத் தாய் முதலில் தயங்கினார். மாமியார் மனம் கோணும் என்ற பயம். மாமியாரிடமே கொடுக்கச் சொல்லிப் பேசினேன். "எனக்கு என்னய்யா தெரியும், எங்க காலத்துல அதுதான் வச்சோம்" என்றவர், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பேத்தியைத் தானே அழைத்துப் போனார். காயத்தைச் சுற்றி மருந்தும், தோளில் ஊசியும் அன்றைக்கே போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள் ஊசிகளும் முடிந்துவிட்டன. இருபத்தெட்டாம் நாள் வரும் வியாழக்கிழமை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்தத் தேதியைக் குழந்தையே சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறதாம்.